பட்டாளத்தான் போன இடம்

சவப்பெட்டி கொண்டுவந்த வண்டி முற்றத்துச் சரிவில் ஏறி நின்றதுதான் தாமதம், ரெம்யா வாசலில் கிடந்த அடைக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, குனிந்து, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளி, குதிகாலால் இரண்டு உதை விட்டாள். கட்டை டயரைக் கவ்விக்கொண்டது.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன் சேச்சி," என்றான் டிரைவர்.

"போட்டிருப்பே. இருந்தாலும் இந்த முற்றத்துல அடை வைக்காம ஒரு வண்டியும் நின்னதில்ல. அப்பாவுக்குப் பிடிக்காது."

"அப்பா எங்க?"

"உள்ள, ஐஸ் பெட்டியில."

அவன் இறங்கிப் பின்கதவைத் திறக்கப் போனான்.

அந்தக் கட்டை சாதாரணக் கட்டை இல்லை. புளியமரத்து வைரம், ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியது, மறுபக்கம் தூக்கிக்கொண்டு ஓடக் கயிறு கோத்தது. ரெம்யாவின் அப்பா ஞானையன் பொன்முடி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு லாரி ஓட்டிய காலத்தில், இந்தக் கட்டையோடு லாரிக்குப் பின்னால் நடந்தே மலை ஏறியவர் தங்கப்பன். பாய்லரையோ பெரிய மோட்டாரையோ சுமந்துகொண்டு கொண்டையூசி வளைவுகளில் முக்கி முக்கி ஏறும் லாரி எங்கே நின்றாலும், தங்கப்பன் பின்சக்கரத்துக்கு அடை கொடுத்துவிட்டு, "அடை வச்சாச்சு!" என்று மலையே கேட்கக் கத்துவார். அந்தச் சத்தம் காதில் விழும்வரை ஞானையன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டார். விழுந்த பிறகுதான் கால் இளகும், மூச்சு வரும், பீடி பற்றும். வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும், வீட்டுக்கு வருகிற ஆட்டோவுக்குக்கூட ஞானையன் அடை வைக்காமல் இருந்ததில்லை. மற்ற நேரத்தில் கதவு காற்றில் ஆடாமல் பிடித்துக்கொண்டு அது வாசலிலேயே கிடக்கும்.

நேற்று விடியற்காலையில் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் அவர் போய்ச் சேர்ந்தார். எழுபது தாண்டிய மனிதர். கிடந்து சீரழியவில்லை, கொஞ்ச நாள் மூச்சுமுட்டல், அவ்வளவுதான். ஒன்று மட்டும் ரெம்யாவின் மனதில் கிடந்து உறுத்தியது. கடைசி நேரத்தில் அவருடைய வலது கால், கட்டிலின் அடிக்கம்பியை மிதித்தபடி விறைத்து நின்றது. நர்ஸ் வந்து, "அப்பச்சா, கால் ஒண்ணு தளர்த்து," என்று முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். ரெம்யாவும் பிடித்துப் பார்த்தாள். ஊஹூம். உயிர் போன பிறகும் அந்தக் காலை நேராக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஐஸ் பெட்டிக்குள் கிடத்தியபோதும் வலது பாதம் மட்டும் எதையோ தேடுகிற மாதிரி முன்னால் நீண்டிருந்தது.

தாயில்லாத ஒற்றை மகள், பாவம், எல்லாம் அவள் தலையில் விழுந்துவிட்டதே என்று பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பரிதாபத்துக்கெல்லாம் ரெம்யா இடம் கொடுக்கிற ஆளா? கோவளத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் முன்கவுண்டரில் வருஷக்கணக்காக நிற்கிறவள். நாலு தேசத்துக் கோபத்தையும் சிரித்த முகத்தோடு சமாளித்தவளுக்குப் பந்தல்காரன் எம்மாத்திரம்? கிழக்கு மூலையில் தார்ப்பாய் தொங்குகிறது என்று ஓர் அதட்டல், மைக்செட்டின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இன்னோர் அதட்டல், போதகருக்கு மட்டும் மரியாதையாக, "அய்யரே, மழைக்கு முன்ன எடுக்கணும், பிரசங்கம் சுருக்கமா இருக்கட்டு," என்று ஒரு நினைவூட்டல். பக்கத்து வீடுகளிலிருந்து பால் விடாத கட்டஞ்சாயா வந்துகொண்டே இருந்தது. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதுகூட அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

"மக்களே, உன் மாப்பிள்ளையக் காணல்லியே?" என்றாள் தாசம்மாள். ஞானையனின் தங்கை; மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்தவள். காலையில்தான் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

"ஏர்போர்ட்டுக்குப் போயிருக்காரு மாமி. இங்கிலாந்துல இருந்து ஒரு ஆளு வருது."

"யாரு, நம்ம சபைக்காரரா?"

"இல்ல. அப்பாவுக்க பழைய லாரியத் தேடி வாறாரு."

தாசம்மாள் தாடையில் கைவைத்தாள். "லாரியத் தேடியா? ஏம் மக்களே, அந்த ஆளுக்குப் பெண்டாட்டி பிள்ள இல்லியா?"

"இருக்காங்க. பேரப்பிள்ளையும் இருக்கு."

"பின்ன என்ன கேடு அவனுக்கு?"

ரெம்யாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவளுமே முதலில் அப்படித்தான் கேட்டாள்.

போன வருஷம் கோவளத்துக்கு வந்து தங்கிய ரோலண்ட் என்ற கிழவர், கடற்கரைக்கே போகாமல், கையில் ஒரு கறுப்புவெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு ஹோட்டலில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். படத்தில் ஒரு தொழிற்சாலை வாசல். அதில் மூக்கு நீண்ட ஒரு ராட்சச லாரி. ரெம்யா பார்த்த மாத்திரத்தில், "இது எங்கள் வீட்டு லாரி," என்றாள். கிழவர் கவுண்டரையே பிடித்துக்கொண்டார். அந்த ஜாதி லாரிகள் மொத்தமே நூற்றுக்குள்தான் செய்தார்களாம். யுத்தத்துக்குச் செய்தது, யுத்தம் முடிந்ததும் கப்பலேறி உலகமெல்லாம் போனது. ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் ஒரு சங்கமே இருக்கிறதாம். ஒன்றை ஆஸ்திரேலியாவின் பொட்டல் காட்டில் தண்ணீர்த் தொட்டியாகக் கண்டுபிடித்தார்கள். பர்மாக் காட்டில் கிடந்த ஒன்றின் கேபினைத் துளைத்துக்கொண்டு தேக்கு வளர்ந்திருந்தது. ஆப்பிரிக்காவில் ஒன்று துறைமுகத்துத் தண்ணீருக்கு அடியில். இந்தியாவுக்கு வந்தவற்றில் ஒன்று மட்டும் போன இடம் தெரியவில்லை. அதுதான் எஸ்டேட்காரர்கள் வாங்கி மலைக்குக் கொண்டுபோன, ஊரில் எல்லோரும் 'பட்டாளத்தான்' என்று கூப்பிட்ட ஞானையனின் லாரி.

அதற்குப் பிறகு மெயிலாக வந்து குவிந்தது. ரெம்யா அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டுப் பதில் அடிப்பாள். கிளட்ச் எப்படி இருந்தது, பாரம் இழுக்கிற வின்ச்சுக்கு எந்தக் கம்பி போட்டீர்கள், எத்தனை பேர் கூட நடந்தீர்கள். ஞானையனுக்குக் குஷி தாங்கவில்லை. கடைசியாக ஒரு நாள் அவள் நேராகக் கேட்டாள்.

"அப்பா, வண்டி என்ன ஆச்சுன்னு கேக்குதாங்க. என்ன எழுதட்டும்?"

"முழுசும் இருக்குன்னு எழுது. வேலை செய்யுதுன்னு எழுது."

"எங்கப்பா இருக்கு?"

"வரச்சொல்லு. வந்தா காட்டித் தாறேன்."

"வெளையாடாதீங்கப்பா. அவங்க டிக்கெட் எடுத்து வந்துருவாங்க."

"வரட்டு மக்களே. எனக்கும் பாக்க ஒரு ஆளு வரணும் இல்லியா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் தைத்தது. கோவளத்திலிருந்து மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்க வந்தால் அதிகம். அப்பா ஆள் வருவதற்காகக் கதை அவிழ்த்துவிடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், இல்லை என்று சொல்ல மனம் வராமல், அப்படியே அடித்து அனுப்பிவிட்டாள்.

ஏனென்றால் பட்டாளத்தான் நின்ற இடம் காலியானதை அவளே கண்ணால் பார்த்தவள். எஸ்டேட்காரர்கள் வேண்டாமென்று தள்ளிவிட்ட லாரியை அப்பா இறக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்து, இதே வீட்டுப் பக்கத்தில் அயனிமரத்தடியில் நிறுத்தியிருந்தார். அதுதான் அவளுடைய விளையாட்டு வீடு. எழுபத்தெட்டாம் வருஷம், பெருமழைக் காலத்தில், அம்மா எலிசாள் இறந்தாள். கல்லறைத் தோட்டம் தோட்டுக்கு அக்கரையில். ஓடைக்கு அங்கே தோடு என்றுதான் பேர். வேனிலில் முழங்கால் தண்ணீர், மழையில் யானையைக் கொண்டுபோகும். அன்றைக்கு வெள்ளம் வடியாமல், அம்மாவின் பெட்டியை இக்கரையில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்தது. அப்பா பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு, தண்ணீரையே பார்த்தபடி நின்றார். அப்புறம் ரெம்யாவை நாகர்கோவிலில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து பார்த்தால் அயனிமரத்தடியில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது.

"பட்டாளத்தான் எங்கப்பா?"

"போனான்," என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார். பழைய இரும்புக்காரன்தான் கொண்டுபோயிருப்பான் என்று அன்று முழுக்க அழுதாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

ரோலண்ட் வந்து இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. ரெம்யாவின் கணவன் செல்வமணி காரை நிறுத்திய கையோடு ஒரு கல்லைத் தேடி டயருக்கு வைத்தான். மாமனார் வீட்டுப் பழக்கம் அவனையும் பிடித்திருந்தது. "வழியில சொல்லிட்டேன் ரெம்யா, அப்பா தவறிப்போனத. அந்தப் படத்தயே பாத்துட்டு வந்தாரு, பாவம்," என்றான் காதோரமாக.

சிவந்த, பெரிய உடம்பு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரோலண்ட் பந்தலுக்குள் வந்தார். சவப்பெட்டி வண்டியின் பின்சக்கரத்தில் கிடந்த புளியங்கட்டையைப் பார்த்து ஒரு நொடி நின்றார். பிறகு பெட்டியருகே போய், வெள்ளை வேட்டி சட்டையில் கிடந்த ஞானையனை வெகுநேரம் பார்த்தார். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை விடாமல் கண்ணை மட்டும் அவர்மேல் வைத்தார்கள்.

ஹோட்டலில் அறை இல்லை என்றால் வந்தவரிடம் கவுண்டரிலேயே சொல்லிவிட வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறவிட்டுச் சொல்லக் கூடாது. ரெம்யாவின் தொழில் தர்மம் அது. அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, ஆங்கிலத்தில், தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டாள்.

"என் அப்பா உங்களிடம் சொன்னது உண்மை இல்லை. லாரி இல்லை. நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டது. உங்களைப் போன்ற ஒருவர் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டுப் பொய் சொல்லிவிட்டார். தெரிந்தும் நான் எழுதினேன். மன்னித்துவிடுங்கள்."

ரோலண்ட் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"அவர் சொன்ன மற்ற எதுவும் பொய்யாக இருக்கவில்லை," என்றார் கடைசியில். "போகட்டும். லாரிக்காக வந்தேன். டிரைவரை அடக்கம் செய்துவிட்டுப் போகிறேன்."

பின்வரிசையில் உட்காராமல், அவள் காட்டிய முன்நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சொல்லிவிட்டதும் மனம் லேசாகும் என்று ரெம்யா நினைத்திருந்தாள். ஆகவில்லை.

சுருக்கமாக இருக்கட்டும் என்று சொல்லியும் போதகர் சுருக்கவில்லை. "நம்ம ஞானையன் அண்ணன் ஏழையா இருந்திருக்கலாம். ஆனா அவருக்க வாய், பொய் அறியாத வாய். ஞானையன் சொன்னாருன்னா அது அப்படியே இருக்கும். இந்த நாட்டுல இல்லேன்னு சொல்ல ஆள் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். தலைகள் ஆடின. கொஞ்சம் முன்னால்தான் மகளே இல்லை என்று சொல்லியிருந்தாள். அதுவும் அவர் தலைமாட்டில் நின்று. ரெம்யா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் தாசம்மாள் அழுகை என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். வண்டிக்காரன் திரும்பிப் போக ஹாரன் அடித்தான். ரெம்யாவே போய் அடைக்கட்டையை உருவினாள். வாசலில் போடக் கூட்டத்துக்குள் திரும்ப வழியில்லை. கயிற்றைப் பிடித்தபடி கட்டையோடேயே ஊர்வலத்தில் நடந்தாள். துக்கவீட்டுப் பெண் கையில் எதற்கு இந்தக் கட்டை என்று நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அக்கரையிலிருந்து சபைக் கோயிலின் மணி, ஒன்று அடித்து, நிறுத்தி, மறுபடி ஒன்று அடித்தது. பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாகத் தங்கப்பன் நடந்தார். முதுகு வளைந்துபோயிருந்தது. அந்த வளைவோடேயே, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், முன்னால் பெட்டி ஓர் அடி விலகினால் தானும் ஓர் அடி விலகி, பழைய மாதிரியே நடந்தார்.

சரிவு முடிகிற இடத்தில் தோடு. அதன்மேல் பாலம். ஒரு டெம்போ போகிற அகலத்துக்குக் கான்கிரீட் தளம், இரண்டு பக்கமும் முட்டளவுக் கைப்பிடிச் சுவர், சுவரில் பஞ்சாயத்து மெம்பர் ஒருவரின் பெயர் பொறித்த கல். ரெம்யா ஹாஸ்டலுக்குப் போன பிறகு வந்த பாலம். எத்தனையோ தடவை ஆட்டோவில் அதன்மேல் போயிருக்கிறாள். மெம்பருக்கு நல்ல மனசு என்று ஒருமுறை நினைத்ததும் உண்டு.

கூட்டம் பாலத்தில் நெருக்கியதால் ரோலண்ட் ஒதுங்கினார். துணி துவைக்கப் பெண்கள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் இரண்டடி இறங்கி, எல்லோரும் போகட்டும் என்று நின்றார். நின்றவர் பாலத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டடி இறங்கினார். அப்புறம் காலணியோடேயே தண்ணீருக்குள் போய், கையிலிருந்த தொப்பியை எறிந்துவிட்டு, கரையோரச் சேற்றில் மண்டியிட்டுத் தலையைக் குனிந்தார்.

"வெள்ளக்கார சாயிப்பு ஜெபிக்காரு!" என்று யாரோ கூவினார்கள்.

அவ்வளவுதான். ஊர்வலம் அப்படியே நின்றது. கடல் கடந்து வந்த மனிதர், ஞானையனுக்காகச் சேற்றில் முழங்கால் போட்டு ஜெபிக்கிறார் என்றால், உள்ளூர்க்காரர்கள் நடந்துகொண்டிருப்பது எப்படி? போதகர் கையை உயர்த்தினார். பெட்டி பாலத்தின் நட்டநடுவில் நின்றது. போதகர் கண்ணை மூடி ஒரு நீண்ட ஜெபத்தைத் தொடங்க, பின்னாலிருந்த பெண்கள் ஒரு பாட்டையும் எடுத்துவிட்டார்கள். பெட்டி சுமந்தவர்களுக்கு வேர்த்துக் கொட்டியது.

"ரெம்யா, இது என்ன?" என்றான் செல்வமணி.

ரெம்யாவுக்கு மட்டும் சந்தேகம். ஜெபிக்கிறவர் எதற்குக் கைக்குட்டையால் எதையோ துடைக்கிறார்? கட்டையைக் கையில் பிடித்தபடியே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ரோலண்ட் திரும்பிப் பார்த்தார். மூக்கு நுனியில் சேறு. "வாருங்கள்," என்றார். "இங்கே பாருங்கள்."

பாலத்துக்கு அடியில், கான்கிரீட்டைத் தாங்கிக்கொண்டு, இக்கரைக்கும் அக்கரைக்குமாக இரண்டு இரும்பு உத்திரங்கள். பாசி பிடித்துக் கறுத்திருந்தன. ஓரம் முழுக்கக் கட்டைவிரல் தண்டியில் ரிவெட்டுகள். ரோலண்ட் துடைத்த இடத்தில், நுனியில், உளியால் அடித்த எழுத்துகளும் எண்களும். தேடி வந்த லாரியின் எண் அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ரெம்யா இரும்பைத் தடவி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"மாமா! தங்கப்பன் மாமா!"

மேலே கைப்பிடிச் சுவருக்கு மேல் தங்கப்பனின் தலை எட்டிப் பார்த்தது. "என்ன மோளே?"

"இது என்ன மாமா?"

"எது?"

"இந்தப் பாலம்!"

"பாலத்துக்கு என்ன? பட்டாளத்தானுக்க அடிச்சட்டம் அல்லியோ."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"இதென்ன கூத்து! நாடு முழுக்க அறியும். உனக்குத் தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்?"

"மெம்பர் பேரு போட்டிருக்கே!"

"அவன் கைப்பிடிச் சுவருக்கு வெள்ள அடிச்சவன்," என்றார் தங்கப்பன் வெறுப்பாக. பிறகு, போதகரின் ஜெபத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சுவரில் கவிழ்ந்து பேசினார். "உன் அம்மைக்க பெட்டி இந்தக் கரையில மழையில இருந்துது பாரு. அதுக்குப் பின்ன உன் அப்பன் ஒரு ராத்திரிகூட ஒறங்கல்ல. மழை விட்டதும் என்னையும் கூட்டிட்டு வந்து வண்டியப் பிரிக்கத் தொடங்கினான். நான் வேண்டாம்னேன். நீ ஹாஸ்டல்ல இருந்து வந்தா வண்டியக் கேப்பியேன்னேன். கேட்டா சொல்லிக்கிடலாம்னான். நீ கேட்டியா?"

"கேட்டேன். போனான்னு சொன்னாரு."

"அவ்வளவுதான் அவனால சொல்ல முடியும். மீதிய சொல்லணும்னா அந்த மழையச் சொல்லணும். அதச் சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பாது மோளே."

அக்கரையில் மணி அடித்தது.

"கேக்குதியா? அதும் பட்டாளத்தான்தான். மணின்னு தொங்குறது வண்டிக்க பிரேக் டிரம்மு. பாரம் இழுக்க முன்னால கெடந்த வின்ச்சு விழிஞ்ஞத்துல கரைக்கு வள்ளம் இழுக்குது, இன்னிக்கும். எஞ்சின் விதுரையில மரமில்லுல. ஒரு ஆணியக்கூட உன் அப்பன் இரும்புக்காரனுக்குக் குடுக்கல்ல. சாயிப்ப எல்லா எடத்துக்கும் கூட்டிட்டுப் போவேன்னு ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கும் சொன்னான். எங்கிட்ட காரு சொல்லி வைக்கச் சொன்னான்."

மேலே போதகர், "ஆமென்," என்றார். கூட்டம் முழுக்க, "ஆமென்," என்றது.

ரெம்யா சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், வாய்விட்டு அழுதாள். தலைக்குமேல், அப்பாவின் பெட்டி, அப்பாவின் வண்டிமேல் நின்றுகொண்டிருந்தது. "நான் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டேன்," என்று ரோலண்டிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கிழவர் சேற்றுக் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டு அவளுக்குக் கை கொடுத்தார். "ஆங்கிலத்தில்தானே சொன்னீர்கள்," என்றார். "அவருக்கு ஆங்கிலம் தெரியாதே."

அழுகைக்கு நடுவில் ரெம்யா சிரித்துவிட்டாள். முகத்தைத் துடைத்து, கட்டையையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். பெட்டி சுமந்தவர்களைப் பார்த்து, "நிக்காதீங்க, நடங்க," என்று பழைய குரலில் அதட்டினாள். ஊர்வலம் நகர்ந்தது. இத்தனை பேர் ஒரே இடத்தில் திரண்டு நின்றும், ஒரே நேரத்தில் காலெடுத்து வைத்தும், பாலம் இம்மி அசையவில்லை.

கல்லறைத் தோட்டம் சரிவில் இருந்தது. எலிசாளுக்குப் பக்கத்துக் குழி. பெட்டியை இறக்கினார்கள். ரெம்யா முதல் பிடி மண்ணைப் போட்டாள். ரோலண்ட் எல்லோரையும் பார்த்து, அவர்கள் செய்தது போலவே ஒரு பிடி எடுத்துப் போட்டார். மண் நிறைந்து மேடாகி, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, ஆசீர்வாதம் சொல்லி முடிந்ததும் ஜனம் கலையத் தொடங்கியது. சிலர் ரோலண்டின் கையைப் பிடித்து, சேற்றில் இறங்கி ஜெபித்ததற்கு நன்றி சொல்லிப் போனார்கள். அவரும் குழப்பத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என் நண்பர்கள் கேட்பார்கள்," என்றார் ரெம்யாவிடம். "கிடைத்ததா, உடைத்துவிட்டார்களா, என்ன ஆயிற்று என்று. நான் என்ன சொல்லட்டும்?"

ரெம்யா யோசிக்கவே இல்லை. "முழுசும் இருக்கிறது என்று சொல்லுங்கள். வேலை செய்கிறது என்று சொல்லுங்கள். மீதியை நாளைக்குக் காட்டித் தருகிறோம். கார் சொல்லியாயிற்று."

எல்லோரும் வாசலைப் பார்த்து நடந்தபோது அவள் மட்டும் திரும்பி மேட்டருகே வந்தாள். அப்பாவின் வலது கால் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டாள். அந்த இடத்தில், கால்மாட்டில், சரிவுக்கு எதிராகப் புளியங்கட்டையை வைத்து, குதிகாலால் இரண்டு உதை விட்டாள். கட்டை மண்ணைக் கவ்விக்கொண்டது.

பிறகு நிமிர்ந்து நின்று, மலையே கேட்கிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அடை வச்சாச்சு!"

வாசல்வரை போயிருந்த தங்கப்பன் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கை மட்டும் இடுப்பு மடியில் பீடியைத் தேடியது.

கீழே, பந்தல் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் கடகடவென்று ஆடின. பாலம் ஆடவில்லை.